அப்பா பார்க்காத நீலப்பூ

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், மயிலாப்பூர் நண்பர்களுக்கும், அப்பாவிடம் திட்டு வாங்கிக்கொண்டே மருந்தும் வாங்கிப் போன அத்தனை பேருக்கும் அவருடைய சின்ன மகள் வணக்கம் சொல்கிறேன். முறைப்படி அண்ணன்தான் இதை எழுதியிருக்க வேண்டும். "வீட்டுக்கே வாயாடி நீதானே, நீயே எழுது" என்று தள்ளிவிட்டுப் போய்விட்டான். பெரியவர்கள் குற்றம் குறை இருந்தால் அவனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது அம்பாசமுத்திரத்தில். சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். தாய்மாமன் வீட்டில் வளர்ந்து, பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு சென்னைக்கு ரயிலேறினார். தேனாம்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் பெட்டி பிரித்து அடுக்குகிற வேலை கிடைத்தது. சாப்பாடு மெஸ்ஸில், படுக்கை கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில். அங்கிருந்தபடியே பார்மசி படித்துத் தேறினார். பிறகு மயிலாப்பூரில் தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்தில் சொந்தமாக ஒரு மெடிக்கல் ஷாப் வைத்தார். கல்லிடைக்குறிச்சியிலிருந்து அம்மா வந்து சேர்ந்தது அதற்கு அடுத்த தை மாதம். கடை வைத்த நாளிலிருந்து சந்து முழுக்க அவருக்கு 'மெடிக்கல் அண்ணாச்சி' என்றே பெயர்.

டாக்டர் சீட்டு இல்லாமல் வருகிறவர்களை அப்பா சும்மா விட்டதில்லை. "ஒமக்கே எல்லாம் தெரியும்னா பெறவு எங்கிட்ட எதுக்குய்யா வாறீரு?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிடுவார். கோபித்துக்கொண்டு போனவர்கள் அடுத்த வாரமே சீட்டோடு வந்து நிற்பார்கள். கடன் சொல்லி வாங்கிப் போனவர்களைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. கடையை மட்டும் பூட்டவே மாட்டார். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு போய் ஷட்டரைத் தூக்குவார். அறுபத்து மூவர் திருவிழா அன்று வீதியில் கால் வைக்க இடமிருக்காது. அன்றைக்கும் அவர் கவுன்டரில்தான் இருப்பார். "கூட்டத்துல எவனாவது மயங்கி விழுந்தா?" என்று கேட்பார்.

அப்பாவின் அடையாளம் ஊதா விரல்கள். ஜென்ஷன் வயலட் என்று ஒரு மருந்து, குழந்தைகளுக்கு வாய்ப்புண் வந்தால் தடவுவது. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அதைத் தடவிக்கொண்டு ஊதா வாயோடு அழுதவர்கள்தான். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார்கள். "நைனா, புள்ள வாயே தொறக்க மாட்டேங்குது, அந்த ஊதாவ கொஞ்சம் வச்சு வுடு" என்பார்கள். அப்பா தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, மருந்தில் தோய்த்து, குழந்தை அழ வாய் திறக்கும் நேரம் பார்த்துத் தடவிவிடுவார். அதற்குக் காசு வாங்க மாட்டார். விரல் நுனியில் ஏறிய கறை கடைசிவரை இறங்கவேயில்லை. என் கல்யாணத்தில் தாரைவார்த்துக் கொடுக்கும்போது அந்த விரல்களைப் பார்த்துவிட்டு தி.நகர் சித்தப்பா, "என்ன அண்ணாச்சி, ஓட்டுப் போட்டுட்டு நேரா மணவறைக்கு வந்துட்டியளா?" என்றார். போட்டோவில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம். நான் மட்டும் அழுகிறேன்.

இனி அந்தப் பூவின் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அப்பாவைப் பற்றி எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மருந்துக் கம்பெனி ரெப் கடைக்கு ஒரு காலண்டர் கொடுத்துவிட்டுப் போனார். மாதத்துக்கு ஒரு மலைப்பூ படம். அப்பா அதை வழக்கம்போல அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டி, வழக்கம்போல மறந்துவிட்டார். ஆகஸ்ட் மாதம் ஒருநாள், கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஒரு மாமி பேரனுக்கு வாய்ப்புண் மருந்து வாங்க வந்தார். அப்பா பாட்டிலை எடுத்து வைத்ததும் மாமி அதன் லேபிளைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"அண்ணாச்சி, ஜென்ஷன்ங்கறது ஒரு பூவோட பேரு, தெரியுமோ? இதோ உங்க கடையிலேயே தொங்கறதே!"

பாறை இடுக்கில், தரையோடு தரையாக, ஒரு சாண் உயரம்கூட இல்லாத செடி. அதில் அண்ணாந்து பார்க்கிற நீலப் பூ. பனி விழுகிற மலைகளில் தானாக வருமாம். வேர் குளிர்காலம் முழுக்கப் பனிக்கடியில் கிடந்துவிட்டு மறுவருஷம் மறுபடி துளிர்க்குமாம். வெளிநாட்டுக்காரர்கள் தோட்டத்தில் பாறை அடுக்கி ஆசை ஆசையாக வளர்ப்பார்களாம். அந்த இனத்தில் எத்தனையோ வகை உண்டு, நம் இமயமலையிலும் உண்டு என்றெல்லாம் மாமி சொல்லியிருக்கிறார்.

"அப்போ இந்த மருந்து இந்தப் பூவைப் பிழிஞ்சு எடுக்கதா?"

"அய்யய்யோ, இல்லை. இது வெறும் சாயம். நிறத்துக்காக அந்தப் பேரை வச்சுட்டா, அவ்வளவுதான்."

அன்று வீட்டுக்கு வந்து அப்பா சாப்பிடவே இல்லை என்று அம்மா சொல்வார். "இத்தனை வருஷமா அந்தப் பேரைச் சொல்லி வித்திருக்கேன். எவ்வளவு நல்ல நிறமா இருந்தா ஒரு மருந்துக்குப் போயி அதோட பேரை வைப்பான்? அதை ஒருதரம் நேர்ல பாத்துரணும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். எங்களுக்குத் தெரிந்து அப்பா தனக்காக ஆசைப்பட்டது அது ஒன்றுதான். புதுச் சட்டைக்கே நாங்கள் சண்டை போட வேண்டிய மனிதர் அவர்.

ஆகஸ்ட் முடிந்தது. காலண்டரில் அந்தப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. அடுத்த வருஷமும் அதே காலண்டர், அதே ஆகஸ்ட். தேதி பார்க்க வருகிறவர்கள் குழம்பிப் போவார்கள். சித்தப்பாவுக்கு தி.நகரில் ஜவுளிக்கடை. அவர் எப்போது வந்தாலும், "ஒங்க கடையில ஆடி மாசம் முடியவே முடியாதா அண்ணாச்சி? தள்ளுபடி உண்டுமா?" என்று கேட்பார். அப்பா சிரித்துக்கொண்டே துணியால் காலண்டரின் தூசியைத் தட்டிவிடுவார்.

சித்தப்பா மகன் வேலை விஷயமாக ஜெர்மனி போனபோது, "பெரியப்பா, உங்களுக்கு என்ன வாங்கிட்டு வரணும்?" என்று கேட்டான். சென்ட் பாட்டில் கேட்பார், டார்ச் லைட் கேட்பார் என்று நினைத்திருப்பான். அப்பா ஜென்ஷன் விதை கேட்டார். அந்தப் புண்ணியவானும் மறக்காமல் ஒரு பாக்கெட் வாங்கிவந்தான். தூள் மாதிரி விதை. தும்மினால் போயிற்று. தாவரவியல் மாமியிடம் ஓடினார் அப்பா. விதை முளைக்க வேண்டுமென்றால் முதலில் அதற்குக் குளிர்காலம் காட்ட வேண்டும், ஈரமண்ணில் போட்டுச் சில வாரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள் என்றார் மாமி.

கடையில் பெரிய ஃப்ரிட்ஜ் இருந்தது. ஆனால், "இன்சுலின் வைக்கிற இடத்துல மண்ணைக் கொண்டுபோய் வைக்கவா?" என்று அப்பா மறுத்துவிட்டார். ஆகவே குளிர்காலம் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில், இட்லி மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அம்மா போட்ட சத்தம் கோயில் குளம் வரைக்கும் கேட்டிருக்கும். "மாவுக்குப் பக்கத்துல மண்ணா? யாராவது கேட்டா சிரிக்க மாட்டாகளா?" பிறகு அந்த மண் மொட்டைமாடிக்கு ஏறி, அகலச் சட்டியில், ஈரச்சாக்குப் பந்தலுக்குக் கீழே வாசம் செய்தது. தினமும் காலையில் அப்பா அதைச் சுற்றி ஐஸ் கட்டிகளை அடுக்குவார். சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு அடித்துக்கொண்ட கோடை அது. "குடிக்கத் தண்ணியில்ல, செடிக்கு ஐஸா!" என்று அம்மா மாடிப்படியில் நின்று தலையில் அடித்துக்கொள்வார்.

ஆனால் முளைத்தது! ஒரே ஒரு செடி. அப்பாவின் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அம்மாவும் நானும் போய்ப் பார்த்தோம். அம்மா பார்த்த மாத்திரத்தில் என் கையைக் கிள்ளினார். கீழே இறங்கியதும், "ஏ பிள்ள, அது கீழாநெல்லில்லா!" என்றார். கீழாநெல்லியேதான். காற்றில் வந்து விழுந்து முளைத்த களை. "சொல்லிராத. மனசு விட்டுப் போவாக" என்றார் அம்மா. நாங்கள் சொல்லவில்லை. ஐஸ் வைத்துக் கீழாநெல்லி வளர்த்த ஒரே வீடு இந்த உலகத்தில் எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

கீழ்ப்போர்ஷனில் குடியிருந்த அம்மாளின் பையனுக்கு மஞ்சள் காமாலை வந்தபோதுதான் விஷயம் உடைந்தது. கீழாநெல்லி தேடி அலைந்த அந்த அம்மாள், துணி காயப்போட மாடிக்கு வந்தவர், அப்பாவுக்கு முன்னாலேயே கத்திவிட்டார். "இன்னா அண்ணாச்சி, நான் ஊரெல்லாம் தேடிக்கினு கீறேன், உங்க மாடியிலயே கீது!" நானும் அம்மாவும் அப்பா முகத்தைப் பார்த்தோம். அப்பா அமைதியாகச் சொன்னார்: "வேரோட பிடுங்கி எடுத்துக்கம்மா. ஆனா டாக்டர்கிட்டயும் காட்டணும், சரியா?"

அந்த அம்மாள் போனதும் அம்மா கேட்டார், "ஒங்களுக்கு இது எப்போ தெரியும்?"

"ரெண்டாவது இலை விடும்போதே தெரியும். அம்பாசமுத்திரத்துக்காரனுக்குக் கீழாநெல்லி தெரியாதா?"

"பெறவு எதுக்கு ஐஸ் வச்சிய?"

"நீங்க ரெண்டு பேரும் தெரியாத மாதிரி நடிச்சிக்கிட்டு இருந்திய. அதை எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. இங்கே அந்தப் பூ வராது என்று அப்பாவுக்கு அன்றே தெரிந்துவிட்டது. அப்படியானால் இமயமலைக்குத்தான் போக வேண்டும். போவதற்கு என்ன தடை? ஒன்றுமில்லை, கடை இருந்தது. ஒரு வருஷம் என் கல்யாணம், அடுத்த வருஷம் அண்ணன் அடையாறில் வீடு கட்டினான், பிறகு அம்மாவுக்கு ஆபரேஷன். ஒவ்வொரு தடவையும், "பூ எங்க போயிரும்? அது வருஷா வருஷம் பூக்கதுதானே" என்று அப்பாவே சொல்லிவிடுவார். பூ எங்கும் போகவில்லை. அப்பாவுக்குத்தான் முதலில் சர்க்கரை வந்தது, அப்புறம் நெஞ்சுவலி. "மலை கிலை ஏறணும்னா இந்த வருஷத்தோட சரி" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அண்ணன் உடனே மயிலாப்பூரிலிருந்து கிளம்பும் ஒரு பத்ரிநாத் யாத்திரைக் குழுவில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடம் போட்டான். மழை முடிந்து கோயில் நடை சாத்துவதற்கு முந்திய பருவம். பத்ரிக்கு மேலே புல்வெளிச் சரிவில் அந்தப் பூ இருக்கும் என்று தாவரவியல் மாமி உறுதியாகச் சொல்லியிருந்தார். கடை முதன்முதலாக நாள்கணக்கில் பூட்டப்பட்டது. ஷட்டரில் அட்டை தொங்கவிட்டு, அதற்குக் கீழே அவசரத்துக்கு எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று வேறு எழுதிவைத்துவிட்டுத்தான் சென்ட்ரலுக்கு ஆட்டோ ஏறினார் அப்பா.

பத்ரியில் தரிசனம் நல்லபடி ஆயிற்று. மறுநாள் குழுவின் வழிகாட்டி, விருப்பமுள்ளவர்களை மேலே புல்வெளிக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னார். அப்பா விடிவதற்குள் ஸ்வெட்டர், மங்கி குல்லா எல்லாம் மாட்டிக்கொண்டு தயாராக நின்றாராம். கிளம்புகிற நேரத்தில் குழுவில் துணையில்லாமல் வந்திருந்த ஒரு தி.நகர் பாட்டியம்மாளுக்கு மூச்சு முட்டத் தொடங்கிவிட்டது. டாக்டருக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வந்து சேரும்வரை மருந்து தெரிந்த ஒருவர் கூட இருக்க வேண்டும். குழுவில் மருந்து தெரிந்தவர் யார்? எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா குல்லாவைக் கழற்றிவிட்டு அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நானும் இங்கேயே இருக்கிறேன் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அப்பா விடவில்லை. "நீ போயிட்டு வா. யாராவது ஒருத்தராவது பாக்கணும்லா" என்று அனுப்பிவைத்தார். மாவுக்குப் பக்கத்தில் மண்ணா என்று கேட்ட அம்மா மலையேறினார். டாக்டர் வந்து, ஊசி போட்டு, பாட்டியம்மாள் கண் திறந்து பேசியபோது சாயங்காலம் ஆகிவிட்டது. மேலே போனவர்களும் இறங்கிவிட்டார்கள். மறுநாள் காலை பஸ் கிளம்பியாக வேண்டும்.

"பாத்தியா?" என்று அப்பா கேட்டாராம்.

"பாத்தேன். என்னத்த பெருசா. நம்ம ஊரு வேலியில கெடக்க சங்குப்பூ மாதிரிதான் இருக்கு. இதுக்கா இம்புட்டு தூரம் வந்தோம்?"

"ஒண்ணு பறிச்சிட்டு வரலையா?"

"சாமி மலையில போயி யாராவது பறிப்பாகளா?"

குழுவில் இருந்த கேமராவின் ஃபிலிம் ரோல் கோயில் வாசலில் எடுத்த குரூப் போட்டோக்களிலேயே தீர்ந்துபோயிருந்தது. அதனால் படமும் இல்லை. அப்பா, "சங்குப்பூவும் நல்ல நீலம்தான்" என்றாராம்.

சென்னைக்குத் திரும்பிய மறுநாள் கடையைத் திறந்ததும் அப்பா செய்த முதல் வேலை அந்தக் காலண்டரைக் கழற்றியது. ஆணி மட்டும் சுவரில் நின்றது. தேதி பார்க்க வந்தவர்கள் கேட்டதற்கு, "பழசாயிட்டுல்லா" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பூவைப் பற்றி அவர் பேசியதில்லை. நாங்களும் கேட்கவில்லை. வாய்ப்புண் மருந்து வழக்கம்போல விற்றது. சில மாதங்களில் இரண்டாவது முறை நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் சில நாட்கள் இருந்தார். ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு நர்ஸிடம், "அந்த டிரிப் வேகமா போகுது பாரும்மா" என்று கையால் காட்டித் திருத்தினார். ஒரு விடியற்காலையில், அம்மா கையைப் பிடித்திருந்தபோதே, போய்விட்டார்.

அப்பாவின் கடைசி நாட்களில் துணை நின்ற டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும், ராப்பகலாக ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்த சித்தப்பா மகனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காரியங்கள் அத்தனையும் எடுத்துச் செய்த சித்தப்பாவுக்கும் சித்திக்கும், சமையலறையைக் கையில் எடுத்துக்கொண்ட கீழ்ப்போர்ஷன் அம்மாளுக்கும் நாங்கள் என்ன கைம்மாறு செய்ய முடியும். பத்ரியில் அப்பா காப்பாற்றிய தி.நகர் பாட்டியம்மாள் பதினாறாம் நாள் மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். அவருக்கும் நன்றி. யாத்திரைக்காகக் கடையைப் பூட்டியபோது கோபித்துக்கொண்ட வாடிக்கையாளர்களையும் நன்றியோடு நினைக்கிறோம். இனி உங்களைத் திட்ட ஆளில்லை.

கட்டுரையை இந்த இடத்தில்தான் முடித்திருந்தேன். கடைசியாக ஒரு பத்தி ஆறுதலாக இருக்கட்டும் என்று, 'அப்பா பார்க்காமல் போனது ஒன்றும் பெரிய பூ இல்லை, வெறும் சங்குப்பூ போன்றதுதான், ஆகவே அவருக்கு எந்தக் குறையும் இல்லை' என்று எழுதியிருந்தேன். அச்சுக்குக் கொடுக்குமுன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்தப் பத்தி வந்ததும் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அதை அடி."

"ஏம்மா?"

"அடிங்கேன்லா. அது பொய்."

பிறகு சொன்னார். மேலே போய்ச் சேர்ந்தபோது மேகம் மூடியிருந்ததாம். புல்லுக்குள் ஏதோ குச்சி குச்சியாக, மூடின மொட்டு மாதிரிக் கிடந்ததாம். இதுதானா என்று நினைத்துக்கொண்டு அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்திருக்கிறார். வெயில் வந்திருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, காலடியிலிருந்து சரிவின் உச்சிவரை எல்லாம் திறந்துகொண்டதாம். "நான் அப்பிடியொரு நீலத்தைப் பொறந்து கண்டதில்ல பிள்ள. எழுந்திரிக்க மனசே வரல. இறங்கி வந்தா, அவுக அந்தப் பாட்டியம்மாளுக்குக் காலைத் தேய்ச்சிக்கிட்டு இருக்காக. தலையைத் தூக்கி என் மூஞ்சியப் பாத்தாக. எனக்கு வாயில சங்குப்பூன்னு வந்துட்டு. பஸ்ஸுல பின்னால உக்காந்தவுக எல்லாம் அந்தப் பூவைப் பத்திதான் பேசினாக. அவுக காதுல விழாம இருக்க நான் ஊர் வரைக்கும் என்னென்னமோ பேசிக்கிட்டே வந்தேன். காலண்டரைக் கழட்டினாகன்னு கேட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லிருவோம், சொல்லிருவோம்னு இருந்தேன். ஆஸ்பத்திரியில சொல்லப் போனா நர்ஸ் பேசாதீங்கன்னுட்டா."

அப்பாவுக்குத் தெரிந்திருக்குமோ என்று நான் கேட்டேன். "தெரிஞ்சிருந்தா என்னைக் கேட்டிருக்கலாம்லா" என்று சொல்லி அம்மா அழுதார். அவரை என்னால் தேற்ற முடியவில்லை. நானும் அழுதேன்.

பத்தியை அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக என்ன போடட்டும் என்று கேட்டதற்கு, நான் சொல்வதை அப்படியே போடு, ஒரு எழுத்தை மாற்றாதே, அவர் பெயருக்கு வருகிற புஸ்தகம்தானே என்றார் அம்மா. மாற்றவில்லை. அம்மா சொன்னது இதுதான்:

"ஏங்க, அது சங்குப்பூ மாதிரியே இல்ல."